மூச்சுக்குக் கணக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அடுத்தடுத்து மூன்று குழல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பந்து. டியூபை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். குழந்தைகள் பார்த்தால் பொம்மை என்று பிடுங்கிக்கொண்டு ஓடும். பெரியவர்களில் பலருக்கு அது பொம்மை இல்லை என்பது கோவிட் காலத்தில்தான் தெரிந்தது.

பெயர் ஸ்பைரோமீட்டர். நுரையீரலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம், டிஸ்சார்ஜ் சம்மரியோடு இதையும் கொடுத்து அனுப்புவது வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது?

"அப்பா, நீங்க அசையவே கூடாது. எது வேணும்னாலும் கூப்பிடுங்க, நாங்க கொண்டாந்து தர்றோம்."

கட்டில் ஹாலுக்கு வந்துவிடும். தலைமாட்டில் மணி. ஏற்கெனவே சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். ராஜ மரியாதை. மூன்று பந்துகளும் ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடக்கும்.

அன்புதான். சந்தேகமே இல்லை. ஆனால், இந்த 'அசையாதே' என்ற உத்தரவுக்கு வயது ஏறக்குறைய 150. அது எங்கே பிறந்தது, எப்படித் தோற்றது என்பது சுவாரஸ்யமான கதை. தோற்கடித்ததில் நம்ம மெட்ராஸுக்கும் பெரிய பங்கு உண்டு.

*

காசநோய்க்கு மருந்தே இல்லாத 19-ம் நூற்றாண்டு. ஹெர்மன் பிரெமர் என்ற டாக்டர், கெர்பர்ஸ்டார்ஃப் என்ற மலையூரில் சானடோரியம் நடத்தி வந்தார். அப்போது ஜெர்மனி, இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மலைச்சரிவில் நடை. இதுதான் அவருடைய வைத்தியம்.

அவரிடம் நோயாளியாக வந்து, பிறகு உதவியாளராகவே ஆகிவிட்டவர் பீட்டர் டெட்வைலர். 1876-ல் ஃபால்கன்ஸ்டைன் என்ற ஊரில் தனி சானடோரியத்தின் பொறுப்பை ஏற்றதும், குருவின் ஃபார்முலாவில் ஒரு வரியை அடித்துவிட்டார். நடை வேண்டாம்! வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு, கம்பளியால் போர்த்தி, மணிக்கணக்கில் நோயாளிகளைப் படுக்க வைத்தார். குருவை சிஷ்யர் ஜெயித்துவிட்டார். ஐரோப்பா முழுக்க, அமெரிக்கா முழுக்க சாய்வு நாற்காலிகள் முளைத்தன.

எதிர்க்குரல்களும் இருந்தன. இங்கிலாந்தில் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற டாக்டர், 1905-லிருந்து நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்தார். பிறகு கூடை தூக்க வைத்தார், மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். ஆனால், பெரும்பாலான ஊர்களில் நாற்காலிதான் ஆட்சி செய்தது.

அதே இங்கிலாந்தில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் நம்மூர்க்காரர், டேவிட் சௌரி முத்து. 1917-ல் கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்காகத் தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. (அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால டாக்டர்கள் சந்தேகம் கிளப்பியது தனிக்கதை.) அந்த முத்துதான் 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். 1937-ல் அது அரசாங்கத்தின் கைக்குப் போனது. 'தாம்பரம் சானடோரியம்' என்று ரயில்வே ஸ்டேஷன் போர்டில் தினமும் படிக்கிறோமே, அதே சானடோரியம்தான்.

*

உடம்புக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஆனால் நுரையீரல்? அது தூக்கத்தில்கூட வேலை செய்கிறதே!

இத்தாலிய டாக்டர் கார்லோ ஃபோர்லானினி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றி வாயுவை ஏற்றினார். அழுத்தம் தாங்காமல் நுரையீரல் பலூன் மாதிரி சுருங்கிவிடும். உடைந்த கைக்கு மாவுக்கட்டு போடுகிறோம் இல்லையா, அதே தத்துவம்.

வாயுவுக்கு மசியாத நுரையீரல்களுக்குக் கத்தி வந்தது. 'தொரகோபிளாஸ்டி' என்று பெயர். ஏழு, எட்டு விலா எலும்புகளை இரண்டு மூன்று தவணைகளில் வெட்டி எடுத்துவிடுவார்கள். தாங்க எலும்பு இல்லாத மார்புக்கூடு உள்ளே அமுங்கும். அதோடு நுரையீரலும் அமுங்கும். நோய் அடங்கியது, நிறைய பேர் பிழைத்தார்கள். விலை? ஒரு பக்கம் சாய்ந்த தோள், வளைந்த முதுகு. இருபது, முப்பது வருஷம் கழித்துப் பலருக்கு மூச்சுத்திணறல். ஆபரேஷன் ஒரு நோயைத் தீர்த்து, இன்னொரு ஆயுட்கால நோயைக் கொடுத்துவிட்டுப் போனது.

முழு நுரையீரலையே எடுத்தால் மனிதன் பிழைப்பானா? 1933 ஏப்ரல் 5-ம் தேதி, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன் அதற்குப் பதில் சொன்னார். நோயாளியும் ஒரு டாக்டர். ஜேம்ஸ் கில்மோர், பிரசவ நிபுணர். இடது நுரையீரலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னால் ஊருக்குப் போய் இரண்டு காரியங்களை முடித்துவிட்டு வந்தாராம். பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டார். கல்லறைக்கு இடமும் வாங்கிப் போட்டார்! எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தயாராக இருந்த மனுஷன்.

பல் அடைத்ததுதான் உபயோகப்பட்டது. ஒற்றை நுரையீரலோடு மறுபடி பிரசவம் பார்க்கப் போனார். 1963 வரை, சுமார் 30 வருஷம் வாழ்ந்தார். ஆபரேஷன் செய்த கிரஹாம் 1957-லேயே போய்விட்டார். காரணம், நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டுக்கும் அந்த நோய்க்கும் உள்ள உறவை 1950-ல் ஆய்வு எழுதி வெளியிட்ட இருவரில் அவரும் ஒருவர். அதற்குள் அவர் ஊதித் தள்ளியது ஏராளம்.

மெட்ராஸிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே போகிற ரோட்டில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1948-ல் வந்து சேர்ந்தார் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன். மறு வருஷமே மார்பு அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறை தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். ஆனால், தமிழ் எழுத்துலகம் அதற்குள் பெரிய விலை கொடுத்துவிட்டது. 1948-ல் காசநோய் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது 42.

*

இப்போது முக்கியமான கட்டம்.

1956. காசநோய்க்கு மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால், இந்தியாவில் இருக்கும் நோயாளிகளுக்கெல்லாம் சானடோரியத்தில் படுக்கை போட முடியுமா? நடக்கிற காரியமா? அப்படியென்றால் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன?

உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, நாலு பேரும் கூட்டுச் சேர்ந்தார்கள். மெட்ராஸில் ஒரு மையம் பிறந்தது. முன்நின்று நடத்தியவர் பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. வீட்டில்? நெரிசலான ஒற்றை அறை, அரைகுறைச் சாப்பாடு, முடிந்தபோதெல்லாம் வேலை. போட்டியே சமமில்லை என்றுதானே தோன்றும்?

1959-ல் ரிசல்ட் வந்தது. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86 சதவிகிதம். பெரிய வித்தியாசமில்லை! சானடோரியத்துக்காரர்கள் எடை கூடியிருந்தார்கள், உண்மை. ஆனால், குணமாக்கியது மருந்து. கட்டில் அல்ல. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

உலகம் முழுக்க சானடோரியங்கள் கடையைக் கட்டியதற்கு இந்த மெட்ராஸ் கணக்கு ஒரு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. வாசலைக் கடக்கும்போது ஒரு தடவை தலை திருப்பிப் பாருங்கள்.

*

சரி, காசநோய் வேறு, ஆபரேஷன் வேறு என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரண்டையும் ஓய்வு என்ற ஒரே நம்பிக்கைதான் ஆண்டது. ஆபரேஷன் பக்கத்தில் அது வேறு வழியாக உடைந்தது. 1930-களிலேயே லண்டன் ப்ராம்ப்டன் மருத்துவமனையில் மார்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத்தர ஆரம்பித்துவிட்டார்கள். 1950-களில் அமெரிக்க டாக்டர் ஆல்வன் பராக், நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்து, படுக்காதீர்கள், நடங்கள் என்றார். சொன்னபோது பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் படித்தது பி.காம்., அதனால் கணக்காகவே சொல்கிறேன். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஆரோக்கியமானவருக்கு ஒரு மடலை எடுத்தாலும் ரிசர்வ் ஃபண்ட் இருக்கிறது, சமாளிப்பார். சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ரிசர்வ் ஏற்கெனவே பாதி காலி. போதாக்குறைக்கு அவருடைய பிரச்னை காற்றை இழுப்பதைவிட விடுவதில்தான் அதிகம். வரவு வந்துகொண்டே இருக்கிறது, செலவு ஆக மாட்டேன் என்கிறது. பழைய காற்று உள்ளேயே தங்கி, புதுக்காற்றுக்கு இடமில்லை.

அப்படியென்றால் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தால்? அமெரிக்காவில் 1,218 பேரை வைத்து இதைப் பரிசோதித்து, 2003-ல் முடிவு சொன்னார்கள். நோய் மேல் மடல்களில் இருந்து, நடக்கும் திறன் குறைந்தவர்களுக்கு ஆபரேஷன் ஆயுளைக் கூட்டியது. ஆனால், நுரையீரல் மிக மோசமான நிலையில் இருந்த ஒரு பிரிவினரில் 16 சதவிகிதம் பேர் ஒரே மாதத்தில் இறந்தார்கள். அவர்களுக்குக் கத்தியே கூடாது என்று 2001-லேயே எச்சரிக்கை வெளியானது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆபரேஷன் உண்டா இல்லையா என்று முடிவாகும் முன்பே, அத்தனை பேருக்கும் 6 முதல் 10 வாரம் நடையும் மூச்சுப் பயிற்சியும் கட்டாயம்!

நம்ம மேற்கு சென்னையிலும் ஒரு அத்தியாயம் உண்டு. 1999-ல் முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன், இந்தியாவின் முதல் இதயம்-நுரையீரல் மாற்று ஆபரேஷனைச் செய்தார். மாற்று நுரையீரலில் ஒரு சிக்கல். நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், சளி சேர்ந்தாலும் இருமல் தானாக வராமல் போகலாம். நோயாளி ஞாபகம் வைத்து, வேண்டுமென்றே இரும வேண்டும். பிறந்ததிலிருந்து இலவசமாக நடந்த வேலையை, டைம்டேபிள் போட்டுச் செய்ய வேண்டும்.

*

ஹால் கட்டிலுக்கு வருவோம். படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? நுரையீரலின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் காற்றறைகள் மூடிக்கொள்ளும். சளி தேங்கி நிமோனியா எட்டிப் பார்க்கும். காலில் ரத்தம் உறையலாம். கால் தசை கரைந்தால், பாத்ரூம் வரை போவதற்கே அதிக ஆக்ஸிஜன் தேவைப்படும். மூச்சு வாங்குகிறதே என்று மறுபடி படுப்பார். தசை இன்னும் கரையும். கந்துவட்டி மாதிரி இந்தச் சுழல்.

மாற்று, கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். தையல் போட்ட பக்கத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவது. வலிக்கு பயந்து இருமலை அடக்காமல், டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை ஒழுங்காகப் போடுவது. மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது. தேங்கிய காற்று வெளியேற அதுதான் வழி. முதல் நாள் ஹாலுக்குள், அப்புறம் வாசல் வரை, அப்புறம் தெருமுனை. எவ்வளவு தூரம், ஆக்ஸிஜன் வேண்டுமா என்பதெல்லாம் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்ல வேண்டிய கணக்கு. திடீரென்று மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கலந்த சளி வந்தாலோ நடையும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

அந்த மூன்று பந்துகள்? அதுவே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா ஆழமாக மூச்சு இழுத்து விடுவதைவிட அது பெரிதாகச் சாதிப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது ஒரு ஞாபகப்படுத்தும் கருவி. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் அவர் இருக்கும் அறையில் நிறுத்துங்கள். போகியன்று வாசலில் டயர் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பக்கம் லாரிகள் புழுதி கிளப்பும் நேரத்தை விட்டுவிட்டு, வேறு நேரத்தில் கூட்டிப்போங்கள். சிகரெட் பிடிப்பவர் யாராக இருந்தாலும், அது மாப்பிள்ளையாகவே இருந்தாலும், வீட்டுக்கு வெளியே என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பழையபடி மாடிப்படியை ஒரே மூச்சில் ஏற அவரால் முடியாமல் போகலாம். பாதியில் நிற்பார். நிற்கட்டும். "ஏன் நின்னுட்டீங்க?" என்று பதறாதீர்கள். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், கீழே கூட்டிப்போகவும் வேண்டாம். பக்கத்திலேயே நில்லுங்கள். மூச்சு திரும்பியதும் அடுத்த படியில் அவரே கால் வைப்பார்.