வீட்டுக்கு வந்த மருந்து, வராத பரிசோதனை

தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போனவர்களுக்கு 'சானடோரியம்' ஸ்டேஷன் பெயர் மறக்காது. காசநோய் வந்தால் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்.

அந்த வழக்கத்தை உடைத்ததும் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வின் முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். உலகமே அதன்பிறகு மாறியது.

மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பரிசோதனை வந்ததா? இல்லை. 1882-ல் ராபர்ட் காக் கிருமியைப் பார்த்த அதே மைக்ராஸ்கோப் வழிதான் நமக்கு நெடுங்காலம் கதி. ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமியாவது இருந்தால்தான் அது கண்ணில் படும். வளர்த்துப் பார்ப்பதென்றால் வாரக்கணக்கு.

1983-ல் கேரி மல்லிஸ் பிசிஆர் முறையைக் கண்டுபிடித்தார். சூடாக்கினால் டிஎன்ஏ இரண்டாகப் பிரியும், ஆறவைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி சேரும். 30 முறை செய்தால் ஒன்று 100 கோடியைத் தாண்டும். ஆனால் அதற்கு நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும்.

இங்கேதான் சில்லு வருகிறது. அண்டா நிறையப் பால் காயவும் ஆறவும் எவ்வளவு நேரம்! ஒரு கரண்டிப் பாலுக்கு? அதே கணக்குதான். 1998-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கண்ணாடிச் சில்லில் மயிரிழை வாய்க்கால் வெட்டி, மூன்று வெப்பநிலைகள் வழியே திரவத்தை ஓடவிட்டே பிசிஆர் செய்து காட்டினார்கள்.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை ஏற்றது. அருமையான கருவி. ஆனால் அதற்குத் தடையில்லாத கரண்ட் வேண்டும். நம் கிராமங்களுக்கு?

பதில் நான் குடியிருக்கும் பெங்களூரிலிருந்து வந்தது. இங்குள்ள பிக்டெக் ஆய்வுக்கூடமும் கோவாவின் மோல்பியோ நிறுவனமும் உருவாக்கிய ட்ரூநாட், பேட்டரியில் ஓடும். ஒரு பெட்டி சளியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும். அதில் ஒரு துளியைச் சில்லில் விட்டு இன்னொரு பெட்டியில் செருகினால், பிரதிகள் பெருகப் பெருக ஒளியும் கூடும். கருவி அதை அளந்து சொல்லிவிடும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு நோய் கட்டுப்படுமா என்று பார்க்க இன்னொரு சில்லு. 2020-ல் இதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அதே ஆண்டு கொரோனா பரிசோதனைக்கும் இது கைகொடுத்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தொழில்நுட்பம் அல்ல. "அடுத்த வாரம் வாங்க" என்ற சொல்லில் ஒரு நாள் கூலி போகிறது. மறுபடி வராதவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் நோய் தொற்றுகிறது. அன்றைக்கே முடிவு கிடைத்தால் அன்றைக்கே மருந்து தொடங்கலாம்.

ஆனால் சில்லு தீர்ந்துவிட்டால் பெட்டி வெறும் பெட்டிதான். அதையும் அரசாங்கங்கள் கவனிக்க வேண்டும்.

நம் பங்குக்கு ஒன்று. வெளியூரில் இருக்கிறோம், மொழி தெரியாது என்று தள்ளிப்போடாதீர்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.