வதந்தியை நம்பிய அமைச்சர்

1984ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. மேற்கு ஜேர்மனியின் தலைநகரான பொண்ணிலிருந்து வந்த செய்திகளில் ஒரு பெயர் நாள்தோறும் அடிபட்டது. பாதுகாப்பு அமைச்சர் மன்ஃப்ரெட் வேர்னர். இன்று அவரை நினைவுகூருவோர் சிலரே. ஆயினும் அவரது அரசியல் வாழ்வில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

வேர்னர் 1934இல் ஸ்ருட்கார்ட் நகரில் பிறந்தவர். சட்டம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். 1965இல் பழமைவாதக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் சார்பில் பாராளுமன்றம் சென்றார். படைத்துறையை ஏடுகளில் மட்டும் படித்தறிந்தவரல்லர். விமானப்படையின் சேமப்படை அதிகாரியாக ஜெட் விமானங்களைச் செலுத்தியவர். 1976 முதல் 1980 வரை பாராளுமன்றப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருந்தார்.

அக்குழு சாதாரணமானதன்று. ஹிட்லர் கால அனுபவத்தின் பின்னர் மீண்டும் படை அமைத்தபோது, அது மக்கள் பிரதிநிதிகளின் கண்காணிப்பில் இருக்கவேண்டுமென ஜேர்மனியர் கருதினர். 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 45அ உறுப்புரை, பாதுகாப்புக் குழுவுக்கு விசாரணைக் குழுவின் அதிகாரங்களையும் வழங்கியது.

1982 ஒக்ரோபரில் ஹெல்முட் கோல் ஆட்சியமைத்தபோது வேர்னர் பாதுகாப்பு அமைச்சரானார். அமெரிக்காவின் பேர்ஷிங் 2 ஏவுகணைகளை நிறுத்துவதற்கு எதிராக இலட்சக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். 1983 நவம்பர் 22இல் பாராளுமன்றம் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. வேர்னரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது.

அவ்வேளையில்தான் ஜெனரல் குந்தர் கீஸ்லிங் விவகாரம் வெடித்தது. கீஸ்லிங் நான்கு நட்சத்திரத் தளபதி. ஐரோப்பாவிலுள்ள நேட்டோ படைகளின் தலைமைத் தளபதிக்குத் துணையாக இருந்தவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்றும், கொலோன் நகர மதுச்சாலைகளில் காணப்பட்டார் என்றும் இராணுவப் புலனாய்வுத்துறை அறிக்கையிட்டது. எதிரிகள் அவரை மிரட்டிப் பணியவைக்கலாம் என்பதே தர்க்கம். ஜெனரல் தமது கண்ணியத்தின் மீது ஆணையிட்டு மறுத்தார். எனினும் 1983 இறுதியில், பிரியாவிடை மரியாதை கூட இன்றி ஓய்வுக்கு அனுப்பப்பட்டார்.

ஜனவரியில் செய்தி கசிந்தது. பத்திரிகைகள் துருவின. ஜெனரலின் உருவத்தை ஒத்த வேறொருவரே அந்த மதுச்சாலைகளுக்குச் சென்றவர் எனத் தெரியவந்தது. அமைச்சரோ பின்வாங்காமல், புதிய சாட்சிகளைத் தேடிக் கொண்டிருந்தார். பாதுகாப்புக் குழு விசாரணைக் குழுவாக மாறியது. எந்தக் குழுவுக்கு முன்னர் தலைமை தாங்கினாரோ, அதே குழுவின் கேள்விகளுக்கு வேர்னர் பதிலளிக்க நேர்ந்தது.

1984 பெப்ரவரி முதலாம் திகதி கீஸ்லிங் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். மார்ச் 26இல் முழு இராணுவ மரியாதையுடன் விடைபெற்றார். வேர்னர் பதவி விலக முன்வந்தார், கோல் ஏற்கவில்லை.

அன்று நான் கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. ஜெனரல் மீது "குற்றச்சாட்டு" என்றே நானும் எழுதினேன். வயதுவந்த ஆண்களுக்கிடையிலான தன்பால் உறவு மேற்கு ஜேர்மனியில் 1969 முதல் குற்றமாக இருக்கவில்லை. ஆள்மாறாட்டம் நிகழாதிருந்தால், அந்தப் பதவிநீக்கம் நியாயமாகியிருக்குமா? அக்கேள்வி என் மனதில் எழவே இல்லை. ஜேர்மன் படை இத்தகைய பாகுபாட்டை 2000ஆம் ஆண்டில்தான் கைவிட்டது. பாதுகாப்பு அமைச்சு மன்னிப்புக் கோரியது 2020இல்.

வேர்னரின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. 1988 ஜூலையில் நேட்டோவின் செயலாளர் நாயகமானார். அப்பதவியை வகித்த முதல் ஜேர்மனியர் அவரே. பேர்லின் சுவர் வீழ்ந்த பின், 1990 ஜூலையில் மொஸ்கோ சென்று கோர்பச்சேவைச் சந்தித்தார். 1994 பெப்ரவரி 28இல், பொஸ்னிய வான்வெளியில் நேட்டோ தனது வரலாற்றின் முதற் சண்டையில் ஈடுபட்டபோதும் அவரே பொறுப்பில் இருந்தார். புற்றுநோயுடன் போராடியபடியே பணியாற்றி, அவ்வாண்டு ஓகஸ்ட் 13இல் பதவியில் இருக்கையிலேயே காலமானார்.

அவர் கெட்டவரல்லர், தமது துறையை நன்கறிந்தவர். ஆனால் அறிவாளியும் தமக்கு வரும் இரகசிய அறிக்கையை நம்பிவிடுவார். அவரையும் எழுந்து நின்று பதில்கூற வைக்கும் ஒரு சபை நாட்டில் இருக்கவேண்டும். கீஸ்லிங்குக்கு மானம் மீண்டது அதனாலேயே.