தபால் ஓட்டு யாருக்கு?

2022 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை ராத்திரி. பெங்களூரு சில்க் போர்டுல தர்மபுரி பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். மறுநாள் எங்க ஊர் காரிமங்கலத்துல பேரூராட்சித் தேர்தல். 2011ல தேர்ந்தெடுத்த உறுப்பினர்களோட காலம் 2016லயே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல தேர்தலே கிடையாது, தனி அலுவலர்தான். அதனால இது என் முதல் உள்ளாட்சி ஓட்டு.

வீட்டுக்குப் போனா, டீச்சரா இருக்கற எங்க அத்தை தேர்தல் பணிக்கு வேற ஊருக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. அவங்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. வேலைக்காக வெளியூர் போன எனக்குக் கிடையாது. ரெண்டு பேரும் வேலைக்காகத்தான் வெளியூர் போறோம். அவங்களை அனுப்புறது அரசு, என்னை அனுப்புறது வயிறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. பிரிட்டன்ல தபால் ஓட்டு 1918ல, முதல் உலகப் போர் சமயத்துல, ராணுவ வீரர்களுக்காக வந்தது. 1948 சட்டம் அதை உடல்நிலை சரியில்லாதவங்களுக்கும், வேலை காரணமா வாக்குச்சாவடிக்கு வர முடியாதவங்களுக்கும் விரிச்சது. 2000ஆம் வருஷச் சட்டத்துக்கு அப்புறம் காரணமே சொல்ல வேண்டாம், கேட்டாலே கிடைக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்க முறையா தங்கியிருந்தா ஓட்டுப் போடலாம். அதனால இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கற என் காலேஜ் ஃப்ரெண்ட், அதே 2022 மே மாசம் லண்டன் கவுன்சில் தேர்தலுக்குத் தபால்ல ஓட்டுப் போட்டான். நான் மூணு மணி நேரத் தூரத்துல இருக்கேன், முடியல.

ஆனா எல்லாம் சொர்க்கம்னு நினைக்காதீங்க. 2004ல பர்மிங்காம் கவுன்சில் தேர்தல்ல தபால் ஓட்டுலயே மோசடி பண்ணாங்க. 2005 ஏப்ரல்ல நீதிபதி ரிச்சர்ட் மாவ்ரி ரெண்டு வார்டுகளோட முடிவை ரத்து பண்ணாரு. அதுக்கப்புறம்தான் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாக்கற முறை வந்தது. வார்டு சின்னது, பத்து இருபது ஓட்டுல முடிவு மாறும். அதனால திருடறதும் சுலபம்.

நம்ம நாட்டுலயும் முதல்ல ராணுவத்தினர், அரசுப் பணியாளர்கள்தான். 2019ல, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு, 80 வயசு தாண்டினவங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தாங்க. 2024ல அந்த வயசை 85 ஆக்கிட்டாங்க. வேலை தேடிப் போனவங்களுக்காக 2022 டிசம்பர்ல தேர்தல் ஆணையம் ஒரு மெஷினை அறிவிச்சது. ஒரே மெஷின்ல 72 தொகுதி. கட்சிகள் பல கேள்வி கேட்டாங்க, அது அப்படியே நின்னுபோச்சு. 2025 ஜூன்ல பீகார் மாநிலத் தேர்தல் ஆணையம் நகராட்சித் தேர்தல்ல மொபைல் ஆப் வழியா ஓட்டு வாங்கினாங்க, புலம்பெயர்ந்தவங்களும் அதுல உண்டு. சாஃப்ட்வேர் எழுதறவன் நான், ஆனா எனக்கு அதுல தயக்கம். ஓட்டை அழுத்தும்போது பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு எந்த ஆப்புக்கும் தெரியாது. ஓசூர்லயோ பெங்களூர்லயோ ஒரு வாக்குப்பதிவு மையம் வச்சா போதும்.

அதுவரைக்கும், பட்டியல்ல பேர் இருக்கறதாவது உறுதி பண்ணிக்கங்க. உள்ளாட்சிக்குன்னு தனியா விண்ணப்பம் கிடையாது. படிவம் 6 கொடுத்து சட்டமன்ற வாக்காளர் பட்டியல்ல சேர்ந்தா, அதையே வார்டு வாரியாப் பிரிச்சு மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீங்க. பெங்களூருக்கு மாத்த படிவம் 8 கொடுத்தா ஊர்ல பேர் போயிரும், ரெண்டு இடத்துலயும் வச்சுக்கறது தப்பு. அந்த ஊர் மாநகராட்சிக்கு 2015ல தேர்தல் நடந்தது. அந்தக் கவுன்சில் காலம் 2020ல முடிஞ்சு, வருஷக்கணக்கா அடுத்த தேர்தலே வரல. நான் மாத்தாம இருக்கறதுக்குக் காரணம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை திரும்பி வந்தாங்க. என் விரல் மையைப் பாத்துட்டு, "எனக்கு இது கூட இல்லடா"ன்னாங்க.