டோலி இன்னும் இறங்கவில்லை: கொடைக்கானல் சாலையின் கதை

கொடைக்கானல் மலைச்சாலையை அகலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு சீசனுக்குச் சீசன் எழுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை. "ஓரத்தில் இருப்பது புதர்தானே, வெட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, அந்தப் புதரைத் தாண்டி மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இந்தச் சாலையின் வரலாற்றைப் பார்ப்போம்.

1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை செங்குத்தான பாதை. துரைமார் குதிரையில் ஏறினார்கள். குதிரை ஏற முடியாதவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலிகள் தூக்கினார்கள். 1863இல் ஏரியை உருவாக்கிய கலெக்டர் லெவிஞ்சின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. வத்தலக்குண்டு மலைச்சாலைக்கு மேஜர் லா பெயரே வைக்கப்பட்டது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு இந்த மலை சொர்க்கமாக இருந்தது என்றும் நாம் சொல்ல வேண்டாம். பளியரும் புலையரும் வாழ்ந்த மலை இது. சமவெளியிலிருந்து குடியேறிய குன்னுவர்களுக்குப் புலையர் அடிமைகளாக இருந்ததை 1868இல் வெளிவந்த மதுரை வரலாற்று நூலில் நெல்சன் பதிவு செய்திருக்கிறார். மலைக்கு மேலே ஏற சாதிக்குத் தார்ச்சாலை தேவைப்படவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் வத்தலக்குண்டு சாலையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. துரைமார் டோலியை விட்டு இறங்கினார்கள். ஆனால் டோலி மலையை விட்டுப் போகவில்லை. பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் வெள்ளகவி, சின்னூர், பெரியூர் மக்கள் இந்த நூற்றாண்டிலும் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார்கள். சாலை கேட்டால் வனத்துறை நிலம், அனுமதி வேண்டும் என்ற பதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)இன்படி, கிராம சபை பரிந்துரைத்தால் ஊர்ச்சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. ஆக, சிற்றூருக்குச் சாலை போட வழி இருக்கிறது.

நெடுஞ்சாலைக்கு? வன நிலத்தை எடுக்கும் திட்டங்களுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009இல் சொன்னது. 2013 பிப்ரவரியில் அதே அமைச்சகம் சாலை, கால்வாய், குழாய், மின்பாதை போன்ற நீள்வாட்டுத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்றது. தொன்மைப் பழங்குடிகளின் 'அங்கீகரிக்கப்பட்ட' உரிமைகள் பாதிக்கப்பட்டால் மட்டும் விலக்கு. தமிழ்நாட்டிலோ 2008இல் வந்த நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அங்கீகாரமே கொடுக்காமல், அங்கீகரித்த உரிமையைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது?

இதில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலைப் புலையர் பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தங்களைப் பழங்குடியினராக அறிவிக்கக் கோரிப் போராடுகிறார்கள். பழங்குடியினர் அல்லாதவர் வன உரிமை கேட்டால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அடிமையாக வைத்திருந்தவர்கள் யாருக்கு ரசீது கொடுத்தார்கள்?

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஏறாத ஊரின் வலி நமக்குத் தெரியும். சுற்றுலா வண்டிக்காக மலையைக் குடையும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு பாதை போட ஆயிரம் கையெழுத்து வேண்டும் என்ற நீதியைத்தான் எதிர்க்கிறோம்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை விரிவாக்க அறிவிப்பு வந்தால் மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எவ்வளவு வன நிலம் எடுக்கப்படுகிறது? அங்கே எத்தனை வன உரிமை மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன? எந்தக் கிராம சபையிடம் கேட்டீர்கள்? பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். கடைசி டோலி இறங்கும் வரை இந்தச் சாலையின் வரலாறு முடியாது.