சேவும் வெள்ளரியும்: நம் வீட்டுத் தட்டில் எது அதிகம்?

சாத்தூர் என்றதும் இரண்டு பண்டங்கள் நினைவுக்கு வரும். ஒன்று காராச்சேவு, மற்றொன்று வெள்ளரிப் பிஞ்சு. எண்ணெயில் பொரித்த சேவு 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். அதே எடை வெள்ளரியில் சுமார் 15 கலோரிதான். உட்கார்ந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி போதும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே பொட்டலத்தில் வந்துவிடுகிறது.

சேவு ஹராம் அல்ல, ஆசைக்குச் சாப்பிடலாம். ஆனால் தினமும் மாலைத் தேநீருடன் அது பழக்கமாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் பகுதியின் நிலை

நம் முன்னோர் கரிசல் காட்டில் வெயிலில் உழைத்து, கம்பங்கூழும் சோளச்சோறும் உண்டார்கள். இன்று தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம், கடை என்று நம்மில் பலருக்கு உட்கார்ந்த வேலை. உழைப்பு மாறிய அளவுக்குச் சாப்பாட்டின் அளவு மாறவில்லை. காலை இட்லி, மதியம் குவித்த சோறு, இரவு எண்ணெய்ப் பரோட்டா என மூன்று வேளையும் மாவுச்சத்துதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்நோய் உண்டு. சம்பாதிப்பவரின் சிறுநீரகமோ பார்வையோ பழுதானால், அந்தச் சுமை பிள்ளைகளின் படிப்பு வரை பாயும்.

என்ன செய்யலாம்?

முதலில், தட்டைச் சீராக்குங்கள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் தட்டு சோறு. பிரியாணி நாளிலும் வெங்காயப் பச்சடியுடன் ஒரு கிண்ணம் வெள்ளரியும் வைக்கலாம்.

அடுத்து, அரிசிக்குப் பதில் கம்பு என்றாலே போதும் என எண்ண வேண்டாம். தானியத்தை மட்டும் மாற்றி அளவைக் குறைக்காவிட்டால் பெரிய பலன் இல்லை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பயறோ தயிரோ சேர்ப்பதே பயன் தரும்.

மூன்றாவது, தேநீரைக் கணக்கிடுங்கள். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி என ஐந்து குவளை குடித்தால் சுமார் 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார அமைப்பு சிறந்ததாகச் சொல்லும் அளவு 25 கிராம்தான். உப்பும் நாளைக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. சேவிலும் ஊறுகாயிலும் இருப்பதும் அதில் அடங்கும்.

நான்காவது, பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். கெட்டுப்போன எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்துவதைத் தடுக்க 2018 ஜூலை முதல் அரசு விதியே உள்ளது. வீட்டுக்கும் அந்தக் கவனம் தேவை.

ரமளானில்

நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு எல்லாம் அதில் உண்டு. அதைச் சுற்றி அடுக்கும் வடை, சமோசா, பஜ்ஜிதான் அளவை மீறச் செய்கின்றன. பேரீச்சம்பழம், கஞ்சி, ஒரு பழம் என இஃப்தாரைத் தொடங்கி, மஃரிபுக்குப் பிறகு நிதானமாகச் சாப்பிடலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக் கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது பலவீனம் அல்ல.

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வீண்விரயத்தை விரும்புவதில்லை என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் பாடம். வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் தனித்தனியே மூன்றில் ஒரு பங்கு விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸ் சொல்கிறது. பசி அடங்கியதும் கையை எடுப்பதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கொள்ளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். இன்று மாலை தேநீருடன் சேவுக்குப் பதில் வெள்ளரியை நறுக்கி வையுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகுவார்கள், இன்ஷா அல்லாஹ்.