நகரின் பெயர் தாங்கிய பரம்பரையலகு

நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டும் வழக்கம் புதிதன்று. 1918 ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல், ஸ்பெயினிலே தோன்றியதெனக் கூறச் சான்றில்லாதபோதும், அந்நாட்டின் பெயரை இன்றுவரை சுமக்கின்றது. பெயரோடு பழியும் சேரும்போது நோயைப் பற்றிய சிந்தனை பின்தள்ளப்படுகின்றது என்பதற்கு நம் அண்டை நாட்டின் அண்மைக்கால வரலாறொன்று தக்க சான்றாகும்.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகளின் வரலாறு அவற்றை எதிர்த்து நிற்கும் பற்றீரியாக்களின் வரலாறுமாகும். 1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அம்மருந்து பொதுமக்களை எட்டுமுன்னரே, 1940 இல், ஆபிரகாம், செயின் என்னும் ஆய்வாளர் இருவர் அதனைச் சிதைக்கும் நொதியம் பற்றீரியாவில் உளதென அறிவித்தனர். அளவிற் குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது பழக்கிவிடும் எனப் பிளெமிங்கே 1945 இல் தமது நோபல் உரையில் எச்சரித்தார். 1959 இல் யப்பானிய அறிஞர் வயிற்றுளைவுக் கிருமிகளை ஆராய்ந்து, எதிர்ப்பாற்றல் ஓரினப் பற்றீரியாவிலிருந்து வேறோரினத்துக்குத் தாவவல்லது என்று காட்டினர். அவ்வாற்றலுக்குரிய பரம்பரையலகைச் சுமப்பது பிளாஸ்மிட்டு எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையமாகும். ஆகவே எதிர்ப்பாற்றல் முதுசொமாக இறங்குவதோடு நில்லாது, அயலவரிடையே கைமாற்றாகவும் பரவுகின்றது.

2008 இல், புதுதில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளரிடம், வைத்தியர் இறுதிக் கையிருப்பாகப் பேணிவந்த கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பற்றீரியா காணப்பட்டது. அதிலிருந்த புதிய நொதியத்துக்குப் புதுதில்லியின் பெயர் இடப்பட்டது, என்.டி.எம்.-1 என்பது அதன் சுருக்கம். 2010 ஓகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை இலண்டன் 'லான்செற்' தொற்றுநோய் ஏட்டில் வெளிவந்தது. இப்பரம்பரையலகைக் கொண்ட பற்றீரியா மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, ஐக்கிய இராச்சியத்தில் 37 எனக் கண்டறியப்பட்டிருந்தன.

இந்தியாவில் எழுந்த சினம் பெரிது. வெளிநாட்டு நோயாளர் வருகையைக் கெடுக்கும் முயற்சி இதுவென அரச வட்டாரங்கள் கண்டித்தன. பெயர் குறித்த மனக்குறை நியாயமற்றதன்று. 2011 இல் 'லான்செற்' ஆசிரியர் றிச்சர்ட் ஹோட்டன் அப்பெயர் தவறெனக் கூறி வருத்தம் தெரிவித்தார். எனினும், பெயர் மாறினும் பரம்பரையலகு மாறாது. அதே ஆண்டில் வெளியான ஆய்வொன்று, புதுதில்லியின் குழாய்நீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும், தேங்குநீர் மாதிரிகள் 171 இல் 51 இலும் அதனைக் கண்டது. வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடங்கும் பிரச்சினையன்று இது என்பது அப்போது புலனாயிற்று.

மானவுணர்வைக் கடந்த விடை சென்னையிலிருந்தே பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது. 2012 இல் அங்கு கூடிய வைத்திய சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வாயிலாக நுண்ணுயிர்கொல்லி விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டின. 2013 இல் இந்திய அரசு அவற்றுட் பலவற்றைத் தனி அட்டவணையிற் சேர்த்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பெருநோய் வந்தவிடத்துச் சென்னை வைத்தியசாலைகளை நாடுவது வழக்கம். ஆதலால் இது அயலார் கதையன்று. சிகிச்சைக்குச் செல்வோரைக் குறைகூறுவதாற் பயனில்லை. பயணம் செய்யாதவரிடையேயும் எதிர்ப்பாற்றல் வளரும். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்து வணிகப் பண்டமன்று, தேவையறிந்து வழங்கப்பட வேண்டியது என்ற கொள்கையை இந்நாட்டில் நிலைநாட்ட முயன்றார். அவர் 1977 இல் மறைந்தார். வைத்தியரின் மருந்துச்சிட்டையின்றி நுண்ணுயிர்கொல்லி வாங்குவதும், காய்ச்சல் தணிந்ததும் மீதி வில்லைகளை அலுமாரியிற் சேர்ப்பதும் அக்கொள்கைக்கு மாறானவை. பரம்பரையலகு எந்நகரின் பெயரைத் தாங்கினும், அதற்கு இடமளிக்கும் பொறுப்பு எல்லா நகரங்களுக்கும் உரியது.