உரிமக் குடையும் புதிய துணிகர நிதியங்களும்: பிரிட்டனில் ஓர் ஏற்பாட்டின் வரலாறு

பிரிட்டனில் துணிகர முதலீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்க விரும்பும் குழுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. நிதி நடத்தை ஆணையத்திடம் தானே உரிமம் பெறலாம். அல்லது, முன்பே உரிமம் பெற்ற மேலாண்மை நிறுவனம் ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதன் உரிமத்தின் கீழ் நிதியத்தை நடத்தலாம். இரண்டாவது வழியில் சட்டத்தின் கண்ணுக்கு மேலாளர் அந்த நிறுவனம்தான். புத்தொழில்களைத் தேடிப் பிடிப்பதும் முதலீட்டாளர்களைத் திரட்டுவதும் புதிய குழுவின் வேலை. துறையில் 'ரெகுலேட்டரி ஹோஸ்டிங்', 'ரெகுலேட்டரி அம்பிரல்லா' என்றெல்லாம் வழங்கும் இந்த ஏற்பாட்டை உரிமக் குடை என்று அழைக்கலாம். எந்தச் சட்டமும் இதை இப்படித் திட்டமிட்டு உருவாக்கவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக இயற்றப்பட்ட சட்டங்களின் துண்டுகளை வழக்கறிஞர்களும் நிதித்துறையினரும் ஒட்டவைத்ததில் உருவானது இது.

அந்தத் துண்டுகளில் மிகப் பழையது 1907ஆம் ஆண்டின் வரையறுத்த கூட்டாண்மைச் சட்டம். இதன்படி பணம் போடும் கூட்டாளியின் பொறுப்பு அவர் போட்ட தொகையோடு நின்றுவிடும். ஆனால் அவர் நிர்வாகத்தில் தலையிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நிர்வாகமும் வரம்பற்ற பொறுப்பும் பொதுக் கூட்டாளியைச் சேர்ந்தவை. இச்சட்டம் பல்லாண்டுகள் அதிகம் பயன்படாமல் கிடந்தது. 1987 மே மாதத்தில் பிரிட்டன் துணிகர முதலீட்டுச் சங்கம், வருமான வரித்துறையோடும் வணிகத் தொழில் துறையோடும் பேசி, இத்தகைய கூட்டாண்மையைத் துணிகர நிதியமாகப் பயன்படுத்தலாம், வரி நிதியத்தின் மீது அல்லாமல் முதலீட்டாளர் மீதே விழும் என்ற ஒப்புதலைப் பெற்றது. அதன்பின் பிரிட்டன் துணிகர நிதியத்தின் வழக்கமான வடிவம் இதுவே ஆனது.

இதே காலத்தில்தான் நிதிச் சேவைகளுக்கான கட்டுப்பாடும் அடியோடு மாறியது. முதலீட்டாளர் பாதுகாப்பு பற்றிய பேராசிரியர் கவரின் 1984ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1986ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், முதலீட்டுத் தொழில் செய்வோர் அனைவரும் உரிமம் பெற வேண்டும் என்றது. பலர் பணத்தைச் சேர்த்து ஒருவர் நிர்வகிக்கும் அமைப்பு எதுவும் கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று வரையறுக்கப்பட்டதால், வரையறுத்த கூட்டாண்மையும் அந்த வலையில் விழுந்தது. அதை நடத்துபவருக்கு உரிமம் வேண்டும். ஒவ்வொரு நிதியத்துக்கும் தனித்தனியாகத் தொடங்கப்படும் பொதுக் கூட்டாளி என்ற காகித நிறுவனத்துக்கு அது எங்கே கிடைக்கும்? உரிமம் பெற்ற மேலாளர் ஒருவரிடம் நிர்வாகத்தை ஒப்படைப்பதே நடைமுறையானது. குடையின் முதல் கம்பி இங்கே கிடைத்தது.

இரண்டாவது கம்பியும் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவில் இருந்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வீடு வீடாகச் சென்று பாலிசி விற்ற ஆயிரக்கணக்கான முகவர்கள் ஒவ்வொருவரும் உரிமம் பெறுவது நடக்காத காரியம். அவர்களுக்காக 'நியமனப் பிரதிநிதி' என்ற நிலை உருவாக்கப்பட்டது. பிரதிநிதிக்கு உரிமம் தேவையில்லை; அவரை நியமித்த முதன்மை நிறுவனம், அவர் செய்த செயலைத் தான் செய்ததாகவே ஏற்றுப் பொறுப்புச் சொல்ல வேண்டும். 2001 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த, 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டம் இதை 39ஆம் பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டது. காப்பீட்டு முகவருக்காகத் திறந்த வாசல் வழியாகவே பின்னாளில் நிதிய மேலாளர்களும் நுழைந்தார்கள்.

அந்த வாசலுக்கு ஒரு தடுப்பு உண்டு. நியமனப் பிரதிநிதி முதலீட்டு ஆலோசனை கூறலாம், பேரங்களை ஏற்பாடு செய்யலாம். பிறர் முதலீட்டைத் தானே நிர்வகிக்க முடியாது. உரிமக் குடையின் உள்கட்டமைப்பு முழுவதும் இந்த ஒரு தடையைச் சுற்றி எழுந்தது. நிதியம் ஒரு வரையறுத்த கூட்டாண்மை. அதன் பொதுக் கூட்டாளி, மேலாண்மை ஒப்பந்தம் வழியே குடை நிறுவனத்தை மேலாளராக நியமிக்கிறார். புதிய குழு தனியே ஒரு நிறுவனம் தொடங்கி, குடை நிறுவனத்தின் நியமனப் பிரதிநிதியாகி, முதலீட்டு ஆலோசகராகச் செயல்படுகிறது. புத்தொழிலைப் பற்றிய அறிக்கையை அக்குழு எழுதும். குடை நிறுவனத்தின் முதலீட்டுக் குழு அதைப் பரிசீலித்து ஒப்புதல் தரும். சில ஏற்பாடுகளில் புதிய குழுவின் பங்காளிகள் குடை நிறுவனத்துக்கு அயல்பணியில் அனுப்பப்பட்டு, அந்த முதலீட்டுக் குழுவிலேயே உட்கார்ந்தார்கள். முதலீட்டாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, கறுப்புப் பணத் தடுப்பு, ஒழுங்குமுறை அறிக்கைகள் ஆகியவை குடையின் பொறுப்பு.

குடையைத் தேடி வருவோரின் கணக்கு எளிமையானது. 2 கோடி பவுண்டு நிதியம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் மேலாண்மைக் கட்டணம் என்றால் கிடைப்பது 4 லட்சம் பவுண்டு. சம்பளம், அலுவலகம், பயணம், கணக்காயர், வழக்கறிஞர் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். இதற்கு மேல் இணக்க அதிகாரி, கட்டாய மூலதனம், காப்பீடு என்று உரிமத்தின் செலவும் சேர்ந்தால் சிறிய நிதியம் தாங்காது. காலமும் ஒரு தடை. முழுமையான உரிம விண்ணப்பத்தைத் தீர்மானிக்கச் சட்டம் 6 மாதம் வரை தருகிறது, குறைபாடுள்ளதற்கு 12 மாதம். முதன்முறையாக நிதி திரட்டுபவரிடம் முதலீட்டாளர் அவ்வளவு நாள் காத்திருப்பது அரிது. அமெரிக்காவில் இந்த நெருக்கடி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. 2010ஆம் ஆண்டின் டாட்-ஃப்ராங்க் சட்டம் துணிகர நிதியங்களுக்கு மட்டும் ஆலோசனை கூறுவோருக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

பிரிட்டனில் தேவையைப் பெருக்கியவை வரிச் சலுகைகள். 1994இல் வந்த தொழில் முதலீட்டுத் திட்டமும், 2012 ஏப்ரலில் தொடங்கிய விதை நிலைத் திட்டமும் தனிநபர்களைப் புத்தொழில்கள் பக்கம் இழுத்தன. விதை நிலைத் திட்டத்தில் போட்ட தொகையில் 50 சதவீதம் வருமான வரியில் கழிவாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டாக இருந்த தனிநபர் வரம்பு 2023 ஏப்ரலில் 2 லட்சமானது. நிறுவனம் ஒவ்வொன்றும் திரட்டக்கூடிய தொகை சிறியது என்பதால் நிதியங்களும் சிறியவையாகவே பிறந்தன. உரிமத்தின் செலவைத் தாங்க முடியாதவையும் இவையே.

2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த முடிவு குடையின் சட்ட அடித்தளத்தை மாற்றியது. 2011இல் நிறைவேறி, 2013 ஜூலை 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்று முதலீட்டு நிதிய மேலாளர் ஆணை, ஒவ்வொரு நிதியத்துக்கும் ஒரே ஒரு மேலாளர் இருக்க வேண்டும் என்றது. முதலீட்டுத் தேர்வும் இடர் மேலாண்மையும் அவருடைய அடிப்படைக் கடமைகள். அவற்றில் ஒரு பகுதியைப் பிறருக்கு ஒப்படைக்கலாம். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெறும் தபால் பெட்டியாக நிற்கக் கூடாது. கடன் வாங்காத, ஐந்து ஆண்டுகள் பணத்தை எடுக்க முடியாத நிதியங்களை நடத்துவோர் மொத்தம் 50 கோடி யூரோவைத் தாண்டும்வரை முழு விதிகளும் பொருந்தா. தனித்து நிற்கும் சிறிய குழுவுக்கு இது பெரிய ஆறுதல். பல நிதியங்களைத் தன் கீழ் சேர்க்கும் குடை நிறுவனமோ எளிதில் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

விந்தையான ஒரு விளைவும் ஏற்பட்டது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் துணிகர முதலீட்டு நிதிய ஒழுங்குவிதி, மூலதனத்தில் குறைந்தது 70 சதவீதத்தைத் தகுதியான சிறு நிறுவனங்களில் போடும் நிதியங்களுக்கு ஒன்றியம் முழுவதும் நிதி திரட்டும் உரிமையைத் தந்தது. ஆனால் அதைக் கோர வரம்புக்குக் கீழுள்ள மேலாளர்களால்தான் முடிந்தது. வளர்ந்த குடை நிறுவனத்தின் கீழ் புதிதாகப் பிறக்கும் நிதியத்துக்கு அந்த உரிமை எட்டவில்லை. 2018 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் முழு உரிமம் பெற்ற மேலாளர்களுக்கும் கதவைத் திறந்தது. குடை முறைக்கு ஐரோப்பிய விதிகள் செய்த மிகப் பெரிய உதவி இதுதான் எனலாம். பிரிட்டன் நிறுவனங்கள் அதன் பயனை நெடுநாள் அனுபவிக்கவில்லை. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியதற்கான இடைமாற்றக் காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது, ஐரோப்பியக் கடவுச்சீட்டு எனப்படும் அந்த உரிமையும் முடிந்தது. ஒன்றியத்துக்குள் அந்த உரிமையோடு நிதி திரட்ட லக்சம்பர்க்கிலோ அயர்லாந்திலோ இன்னொரு குடை தேவைப்பட்டது.

பொறுப்பு ஓரிடத்தில், தீர்மானம் வேறிடத்தில் என்ற பிளவின் ஆபத்து 2019இல் வெளிப்படையானது. அந்த ஆண்டு மே மாதம் நிதி நடத்தை ஆணையம் சொத்து மேலாண்மைத் துறையின் முதன்மை நிறுவனங்களுக்கு எழுதிய கடிதத்தில், பலர் தம் பிரதிநிதிகளைப் போதுமான அளவு கண்காணிக்கவில்லை என்று கண்டித்தது. அடுத்த மாதமே உட்ஃபோர்ட் ஈக்விட்டி இன்கம் நிதியத்தில் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. அது துணிகர நிதியம் அல்ல, பொதுமக்களுக்கானது. ஆனாலும் அதன் கையில் பட்டியலிடப்படாத இளம் நிறுவனங்களின் பங்குகள் இருந்தன. சட்டப்படியான மேலாளரும் முதலீட்டைத் தேர்ந்தவரும் வேறு வேறு. தேர்ந்தவர் நீல் உட்ஃபோர்டின் நிறுவனம். முதலீட்டாளர்களுக்கு 23 கோடி பவுண்டு வரை இழப்பீடு தரும் திட்டத்தை நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஏற்றபோது, அந்தத் திட்டம் சட்டப்படியான மேலாளராக இருந்த லிங்க் ஃபண்ட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் பெயரில் இருந்தது.

2021 மார்ச்சில் கிரீன்சில் கேப்பிடல் என்ற நிதி நிறுவனம் விழுந்தது. அதன் துணை நிறுவனம் ஒன்று வேறொரு நிறுவனத்தின் நியமனப் பிரதிநிதியாக இயங்கியிருந்தது. காப்பீட்டு முகவருக்கான ஏற்பாடு இவ்வளவு தூரம் நீண்டிருப்பதை நாடாளுமன்றக் கருவூலக் குழு அவ்வாண்டு ஜூலை அறிக்கையில் எடுத்துக்காட்டி, சீர்திருத்தம் கோரியது. 2022 டிசம்பர் 8 அன்று புதிய விதிகள் வந்தன. பிரதிநிதியை நியமிப்பதற்கு 30 நாள் முன்பே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமக் குடைச் சேவையைத் தொழிலாகத் தொடங்குவோர் 60 நாள் முன்பு. ஒவ்வொரு பிரதிநிதியின் செயல்பாட்டையும் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கண்காணிப்பின் தரத்தைப் பற்றித் தன்மதிப்பீட்டு ஆவணம் ஒன்றுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியமும் அதே பிளவைத் தன் வழியில் தொட்டது. மேலாளர் ஆணையைத் திருத்திய 2024ஆம் ஆண்டின் ஆணை அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று செயலுக்கு வந்தது. பிறர் முன்முயற்சியால் தொடங்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கும் நிதியத்தை நடத்தும் மேலாளர், அதனால் எழும் நலமுரண்களைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளைச் சான்றுகளோடு கண்காணிப்பு அமைப்பிடம் விளக்க வேண்டும். மேலாளர் நிறுவனத்தை முழுநேரமாக நடத்தும் இருவராவது ஒன்றியத்தில் வசிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் இவற்றைத் தம் சட்டங்களில் சேர்க்கத் தரப்பட்ட கெடு 2026 ஏப்ரல் 16.